ஏழு கார்களும் எந்த வருஷத்திலும் சேராத ஒரு காரும்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜனவரி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெங்களூரில் ஓல்டு மெட்ராஸ் ரோட்டை ஒட்டிய ஒரு பள்ளிக்கூட மைதானம். அங்கே நடந்ததை இதுவரை ஆபீஸில் யாரிடமும் நான் சொன்னதில்லை. சொன்னால் என்னைக் கிண்டல் பண்ணியே ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார்கள். உங்களிடம் சொல்வதற்கென்ன.

முதலில் நான் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன். ஊர் ஆற்காடு. பெங்களூருக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. ஜோகுபாளையத்தில் வாடகை வீடு. சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அதாவது, இன்னொருத்தர் மாசக்கணக்கில் உட்கார்ந்து எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். தப்புக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் புத்தி ஆபீஸ் வாசலோடு நிற்கிறதா என்றால் அதுவும் இல்லை. "சாப்பிடும்போதாவது லீவு எடுத்துக்கோங்க" என்று என் மனைவி தட்டை வைக்கும்போதே சொல்லிவிடுவாள்.

எனக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. ஒரே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் மேல் தீராத பைத்தியம். ஜெர்மன் கார். பெயர் வேண்டாம். தவளை மாதிரி முகம், தூக்கி வைத்த இரண்டு வட்டக் கண், பின்பக்கம் சரிந்து இறங்குகிற முதுகு, எஞ்சின் முன்னால் இல்லாமல் பின்னால். இவ்வளவு சொன்னாலே கார் பைத்தியங்களுக்குப் புரிந்துவிடும். அதில் ஒன்றை வாங்கும் வசதி இந்த ஜென்மத்தில் எனக்கு வரப்போவதில்லை. நான் ஓட்டுவது ஒரு ஸ்கூட்டர். ஆனால் அந்தக் காரின் சரித்திரம் முழுக்க எனக்கு விரல் நுனியில் இருந்தது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வண்டியில் வேடிக்கை என்னவென்றால், இத்தனை வருஷத்தில் அந்தக் கம்பெனி அதில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது, ஆனால் பார்ப்பதற்கு எதையுமே மாற்றாத மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் மெலிசான பம்பர். எழுபதுகளின் நடுவில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது, மெதுவாக இடித்தால் வண்டி நசுங்கக் கூடாது என்று. அதற்காக ஆர்மோனியத் துருத்தி மாதிரி ரப்பர் மடிப்பு வைத்துத் தடித்த பம்பர் மாட்டினார்கள். மாறியது பம்பர்தான், பின்பக்க உடம்பு அதே உடம்புதான். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். அப்புறம் முதுகில் தாம்பாளம் மாதிரி ஒரு இறக்கை வந்தது. தொண்ணூறு பிறக்கிற சமயத்தில் பம்பர் உடம்போடு ஒட்டி வழவழப்பானது; இறக்கை வேகம் பிடித்தால் தானே எழுந்து, வண்டி நின்றால் படுத்துக்கொண்டது. அடுத்து கண்கள் கொஞ்சம் பின்னால் சாய்ந்தன. அதுவரை எஞ்சினைக் காற்றுதான் ஆற்றிக்கொண்டிருந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் அதற்குத் தண்ணீர் வந்தது. அதோடு வட்டக் கண்ணும் போய், உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி ஒரு விளக்கு வந்தது. ரசிகர்கள் சண்டைக்கே போய்விட்டார்கள். சில வருஷத்தில் வட்டக் கண் திரும்பி வந்தது. இன்றைக்கு வருகிற கார் முதல் காரைவிட ஒரு சாண் அகலம். ஆனாலும் தூரத்தில் நிழலை மட்டும் பார்த்தால் அதே வண்டி.

பெங்களூரில் இந்தக் காரை வைத்திருப்பவர்களும், என்னைப் போல வைத்திருக்க ஆசைப்படுபவர்களும் சேர்ந்து ஒரு சின்னக் குழு. அந்த வருஷம் ஒரு யோசனை வந்தது. காலத்துக்கு ஒன்றாக ஏழு கார்களை வரிசையாக நிறுத்தி ஊர் ஜனங்களுக்குக் காட்டலாம் என்று. கார்களை எந்த வரிசையில் நிறுத்துவது, ஒவ்வொன்றுக்கும் முன்னால் வைக்கிற அட்டையில் என்ன எழுதுவது, எதைச் சேர்ப்பது, எதைத் திருப்பி அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஸ்கூட்டர்க்காரனிடம் ஏழு காருக்கு அதிகாரம் கொடுத்தால் வேறு எப்படி இருக்கும்.

ஆபீஸ் பழக்கப்படி ஒரு பட்டியல் தயார் பண்ணினேன். முப்பத்திரண்டு கேள்விகள். விளக்கு அந்த வருஷத்து விளக்கா, கண்ணாடி அந்த வருஷத்துக் கண்ணாடியா, கதவுப் பிடி எப்படி, ஸீட் எப்படி. ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று டிக் போட வேண்டும். கூடவே எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த மாங்காய் வடிவக் காந்தம் ஒன்றையும் எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். பழைய கார்களில் நசுங்கின இடத்தைத் தட்டி நிமிர்த்தாமல், கனமாகப் பட்டி பூசி, மேலே பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள். அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. அதைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்குத்தான் மாங்காய்.

காலை ஏழரைக்கெல்லாம் கார்கள் வர ஆரம்பித்தன. முதலில் வந்தது வரிசையின் தலையில் நிற்க வேண்டிய கார். மெலிசான பம்பர் வைத்த முதல் காலத்து வண்டி, வெண்ணெய் நிறம். லாரியில் ஏற்றி, துணி போர்த்திக் கொண்டுவந்தார்கள். துணியை விலக்கியதும் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஒரு கீறல் கிடையாது. கூடவே வந்த இரண்டு பேர் வெள்ளைத் துணியால் தூசி துடைத்துக்கொண்டே இருந்தார்கள். அதன் சொந்தக்காரர் போனில் பேசியபடியே எனக்கு ஒரு கை காட்டினார். அந்தக் காரில் என் மாங்காயை வைக்க எனக்கு மனசு வரவில்லை. கோயிலுக்குள் செருப்போடு போவது மாதிரி தோன்றியது. முப்பத்திரண்டு கேள்விக்கும் நானே டிக் போட்டேன். முதல் அட்டையை அதன் முன்னால் நிறுத்தினேன். மற்ற கார்களும் ஒவ்வொன்றாக வந்து நின்றன. சுற்றிலும் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதித் தொங்கவிட்டேன்.

எட்டரை மணி இருக்கும். கேட் பக்கம் ஒரு எஞ்சின் சத்தம். காற்றில் ஆறுகிற பழைய எஞ்சினுக்கென்று ஒரு கரகரப்பு உண்டு, அதைக் கேட்டதும் எல்லோரும் திரும்பினோம். சிவப்பு நிறத்தில் ஒன்று உள்ளே வந்தது. ஓட்டி வந்தது நாற்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா. காட்டன் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. பக்கத்து ஸீட்டில் கறுப்புக் கண்ணாடி போட்ட அவருடைய கணவர், அவருக்கு ஐம்பதுக்குள் இருக்கும். விவேக் நகரில் இருந்து வருவதாகவும், சர்ச்சில் ஆறு மணிப் பூசை முடித்துவிட்டு நேராக வந்ததாகவும் அந்த அம்மா சொன்னார். எங்கள் குழுத் தலைவரிடம் போனில் கேட்டார்களாம். கொண்டு வாங்க, அங்கே அட்டை எழுதுகிறவர் பார்த்துச் சொல்வார் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

பார்த்துச் சொல்கிறவன் பார்க்க ஆரம்பித்தேன். உடம்பு எழுபதுகளின் தொடக்கத்து உடம்பு. பம்பர் யாரோ கையால் அடித்துச் செய்தது. பக்கக் கண்ணாடி வேறொரு காரிலிருந்து எடுத்தது. ஸீட் உறை நம்மூர் ரெக்ஸின். வைப்பர் ஏதோ பழைய டாக்ஸியுடையது. முன் இண்டிகேட்டரைக் குனிந்து பார்த்தேன், சத்தியமாக ஆட்டோ இண்டிகேட்டர். பட்டியலில் இல்லை, இல்லை என்று டிக் போட்டுக்கொண்டே போனேன். மாங்காயை எடுத்துப் பின்பக்கச் சக்கரத்துக்கு மேலே வளைகிற பகுதியில் வைத்தேன். ஒட்டியது. நகர்த்தி நகர்த்தி வைத்தேன், வைத்த இடமெல்லாம் ஒட்டியது. பட்டி துளிகூட இல்லை, முழுக்கத் தகரம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்க வேண்டும். நான் அதற்கு ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

முப்பத்திரண்டில் ஆறுதான் தேறியது. சுற்றி இருபது பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் நாக்கு சும்மா இருக்கவில்லை. "இது எந்த வருஷத்து வண்டியும் இல்லீங்க. டாக்ஸிக்கும் ஆட்டோவுக்கும் பொறந்தது மாதிரி இருக்கு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கணவரும் சிரித்தார். அவர் சிரித்தது இப்போது நினைத்தாலும் என்னைக் குத்துகிறது.

அதோடு விட்டேனா. பட்டியலை அவரிடம் நீட்டி, நீங்களே படித்துப் பாருங்கள் என்றேன். அவர் கையை நீட்டவில்லை. அந்த அம்மாதான் வாங்கிக்கொண்டார். வாங்கிக்கொண்டு, "அவருக்குக் கண்ணு தெரியாது ஸார்" என்றார். கோபமே இல்லாமல்தான் சொன்னார். எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஆனால் பாருங்கள், மனுஷனுக்குச் சங்கடம் வந்தால் உடனே சட்டத்தைப் பிடித்துக்கொள்வான். வரிசையில் நிறுத்த முடியாது, பார்க்கிங்கில் வேண்டுமானால் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லி, மைதானத்து ஓரத்தில் தண்ணீர் லாரி நிற்கிற இடத்தைக் காட்டினேன்.

அவர்கள் சண்டை போடவில்லை. சொன்ன இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அந்த அம்மா அவரைத் தோளில் கை வைக்கச் சொல்லிக் கயிறு வரைக்கும் கூட்டிவந்தார். அங்கேயே நின்றார்கள். நடுநடுவே யாராவது எஞ்சினைப் போட்டுக் காட்டுவார்கள். "இது தண்ணி எஞ்சின்" என்பார் அவர். "இது பழசு, ஒரு பிளக் சரியில்ல" என்பார். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் அவரைச் சுற்றிக்கொண்டு அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் எழுதிய அட்டைகளைப் படித்தவர்களைவிட அவரைச் சுற்றித்தான் கூட்டம். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

ஒன்பதரை வாக்கில் அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். வரிசையில் நிறுத்தாவிட்டாலும் பரவாயில்லை, முதல் காரைத் தன் கணவர் ஒரே ஒரு தடவை தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். பின்பக்க வளைவை மட்டும், ஒரு நிமிஷம் போதும். நான் போர்டைக் காட்டினேன். அப்போதுதான் அவர் கதையைச் சொன்னார். நின்றுகொண்டேதான் சொன்னார், அழவில்லை, கெஞ்சவில்லை.

கணவர் விவேக் நகரில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக். எப்போதோ ஒரு இஞ்சினியர் ஓடாத இந்த வண்டியை ரிப்பேருக்கு விட்டிருக்கிறார். குடும்பத்தோடு வெளிநாட்டுக்குப் போகும்போது, நீயே வைத்துக்கொள் என்று பேப்பரெல்லாம் மாற்றிக் கொடுத்துவிட்டார். ஓய்வு நேரத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உயிர்ப்பித்திருக்கிறார் இவர். வெளிநாட்டு சாமான் கிடைக்காது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. அதனால் எது உடைந்ததோ அதற்கு ஊரில் எது பொருந்துமோ அதைப் போட்டார். ஒருவழியாக வண்டி ஓட ஆரம்பித்த மறு வருஷம், மே மாதத்து மழையில் தெருவில் நின்ற மரம் சாய்ந்து வண்டியின் பின்பக்கம் விழுந்தது. இரண்டு பக்க வளைவும் அப்பளமாக நொறுங்கிவிட்டது. ஒரு பக்கம் தப்பியிருந்தால் அதைப் பார்த்து அடுத்ததைச் செய்திருக்கலாம். இரண்டுமே போச்சு.

ஒரே ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு, பட்டி போடாமல், தகரத்தைத் தட்டித் தட்டியே அந்த வளைவுகளைச் செய்திருக்கிறார். ஏற்கெனவே சர்க்கரை வியாதி. அந்த மாதங்களில்தான் பார்வை மங்கிக்கொண்டே வந்திருக்கிறது. வேலை முடிந்து பெயிண்ட் அடித்தபோது அவரால் பார்க்க முடியவில்லை.

"எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க ஸார். கண்ணு போனவருக்கு வேற என்ன சொல்வாங்கன்னு அவரு நம்ப மாட்டேங்குறாரு. நெஜக் காரு ஒண்ணைத் தொட்டுட்டா அவருக்கே தெரிஞ்சிடும்" என்றார் அந்த அம்மா. மூன்று வருஷமாக இதற்காகக் காத்திருந்தார்களாம். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராம் அவர். இந்தக் காரை ஓட்டக் கற்றுக்கொண்டதே பார்வை போன பிறகு கணவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தை வைத்து கியர் சொல்லிக்கொடுத்துத்தான்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. வெண்ணெய் நிறக் காரின் சொந்தக்காரரிடம் போய்க் கேட்டேன். அவர் மறுபடியும் போனில் இருந்தார், சரி என்று தலையாட்டினார். கயிற்றைத் தூக்கிப் பிடித்தேன். அந்த அம்மாவின் கணவர் உள்ளே வந்தார், சட்டையில் இரண்டு உள்ளங்கையையும் நன்றாகத் துடைத்துக்கொண்டார். காரின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தினோம். ஜன்னல் கண்ணாடிக்குக் கீழே கையை வைத்து, மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தார். சக்கரத்துக்கு மேலே வந்ததும் கை நின்றது. மறுபடி மேலே போய், மறுபடி இறங்கினார். மூன்றாவது தடவையும் அதே இடத்தில் நின்றார்.

"என்னோடது இப்படி இல்ல" என்றார், மனைவியிடம். "ரொம்ப வித்தியாசம்மா. நான் தப்பாப் பண்ணிட்டேன்."

 அந்த அம்மா அவருடைய முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அதே நேரம், உள்ளுக்குள் ஒரு மூலையில், பார்த்தாயா, என் பட்டியல் சரியாகத்தான் சொன்னது என்று ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் இருந்தது.

அவர் உடனே கையை எடுக்கவில்லை. அங்கேயே வைத்திருந்தார். வெயில் ஏறிவிட்டிருந்தது. உள்ளங்கையைத் திருப்பி, புறங்கையால் தொட்டுச் சூடு பார்த்தார். அப்புறம் விரல் முட்டியால் லேசாக ஒரு தட்டு. கதவுக்கு நகர்ந்து அங்கே ஒரு தட்டு. முன்னால் போய் மூடியில் ஒரு தட்டு. திரும்ப வந்து பின்னால் ஒரு தட்டு. கதவில் வந்த சத்தம் வேறு, மற்ற இடங்களில் வந்த சத்தம் வேறு. அது எனக்கே கேட்டது.

"ஸார், கதவு மட்டும்தான் தகரம். முன்னாடியும் பின்னாடியும் ஃபைபர்" என்றார்.

அப்படி இருக்கவே முடியாது என்றேன். அவர் வாதாடவில்லை. "நீங்க காலைல எங்க வண்டில ஏதோ வெச்சுப் பாத்தீங்களே, அதை இங்கயும் ஸ்வல்ப வெச்சுப் பாருங்க" என்றார். காந்தம் ஒட்டுகிற சத்தத்தை அவர் கேட்டிருக்கிறார்.

பாக்கெட்டில் இருந்து மாங்காயை எடுத்தேன். அந்த வழவழப்பான வெண்ணெய் நிற வளைவில் வைத்துக் கையை விட்டேன். அது நழுவி, தரையில் கிடந்த கல்லில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தேன், மறுபடியும் விழுந்தது. சுற்றி நின்ற அதே இருபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சொந்தக்காரர் போனை முடித்துவிட்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபமெல்லாம் வரவில்லை. ஆமாம், இது எண்பதுகளின் வண்டி, எனக்குப் பழைய வண்டியின் அழகு பிடிக்கும் என்பதால் முன்பக்கமும் பின்பக்கமும் மாற்றிப் பழைய மாதிரி செய்து வாங்கினேன் என்றார் சர்வ சாதாரணமாக. பின் சக்கரம் அகலமாக இருப்பதால் வளைவையும் அகலமாக வைத்திருக்கிறார்களாம். "நான் மறைக்கவே இல்லையே. நீங்க கேக்கவே இல்ல, நீங்களே கார்டு எழுதிட்டீங்க" என்றார். நியாயமான பேச்சு. நான் அவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ரெக்ஸின் ஸீட் வைத்த வண்டிக்கு முப்பத்திரண்டு கேள்வி, பளபளத்த வண்டிக்கு ஒன்றுமில்லை.

தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன் வரிசையின் தலையிலேயே தப்பைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். காது மடல் வரை எரிந்தது. ஆனால் அந்த மெக்கானிக் இதில் எந்தச் சந்தோஷமும் படவில்லை. என்னைச் சொல்லிக் காட்டவும் இல்லை. அவருடைய கவலை வேறு. "அப்ப இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. சரி, விடு, போலாம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கயிற்றைத் தடவித் தேடினார். மூன்று வருஷம் காத்திருந்து வந்தவர், தெரிந்துகொள்ள வந்ததைத் தெரிந்துகொள்ளாமலே திரும்பிப் போகப் போகிறார்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நானே கைப்பட எழுதிய இரண்டாவது அட்டை. மாறியது பம்பர்தான், பின்பக்க உடம்பு அதே உடம்புதான். இரண்டாவதாக நின்ற கார் துருத்திப் பம்பர் வைத்த ஆரம்ப வருஷத்து வண்டி. பின்பக்க வளைவு இவருடைய காருக்கு இருந்திருக்க வேண்டிய அதே வளைவு. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணா, ஒரு நிமிஷம் இருங்க. போயிடாதீங்க" என்றேன். அதுவரை அவரை நான் அண்ணா என்று கூப்பிட்டிருக்கவில்லை.

இந்தத் தடவை கேட்டேன். இரண்டாவது காரின் சொந்தக்காரர் ஒரு குழந்தை டாக்டர், கன்னடக்காரர். அவருடைய அப்பா வாங்கிய வண்டி, வாங்கினதிலிருந்து இவர்கள் வீட்டிலேயே இருக்கிறது, எங்கேயும் இடிபடவில்லை, பின்பக்கத்தில் கை வைத்ததே இல்லை என்றார். நான் தயங்கியபடி தொடுவதைப் பற்றி ஆரம்பித்தேன். "முட்லி பிடி சார்" என்றார் அவர். தொடட்டும் விடுங்கள், தொட்டால் என்ன தேய்ந்தா போய்விடும் என்று சிரித்தார். என் மூன்று மொழி போர்டுக்கு அவ்வளவுதான் மரியாதை.

ஒரு காரைத் தொட்டுவிட்டு மைதானத்து ஓரம் வரைக்கும் நடந்துபோய் இன்னொன்றைத் தொட்டால் கைக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. அதனால் கயிற்றை அவிழ்த்தேன். தண்ணீர் லாரி பக்கத்தில் இருந்து சிவப்பு வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். டாக்டரின் காருக்கும் மூன்றாவது காருக்கும் நடுவில் இருந்த சின்னச் சந்தில் அந்த அம்மா ரிவர்ஸில் விட்டார். நாங்கள் ஆளாளுக்கு லெஃப்ட், ரைட் என்று கத்தினோம். அவர் எங்கள் யாரையும் கேட்கவில்லை. பின்னால் நின்ற கணவர் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, வா, வா என்றும், போதும் என்பதைக் கன்னடத்தில் சாகு என்றும் சொன்னதை மட்டும் கேட்டு, ஒரு முழ இடைவெளியில் கொண்டுவந்து நிறுத்தினார்.

கணவர் இரண்டு கார்களுக்கும் நடுவில் போய் நின்றார். வலது கை டாக்டரின் காரில். இடது கை தன் காரில். இரண்டையும் மேலே கண்ணாடிக்குக் கீழே வைத்து, ஒரே சமயத்தில் கீழே இறக்க ஆரம்பித்தார்.  அவர் கையோடு கையாக என் கண்ணும் இறங்கியது. தோள் மாதிரி இருக்கிற இடத்தில் இரண்டு கையும் ஒன்றாக வெளியே வந்தன, ஒன்றாகத் திரும்பின, சக்கரத்தின் விளிம்பில் ஒன்றாக வந்து நின்றன. மறுபடி மேலே போனார். அடுத்து வண்டிகளைத் திருப்பி நிறுத்தச் சொல்லி மறுபக்கமும் பார்த்தார். அங்கே நடு வழியில் இடது கை ஒரு இடத்தில் நின்றது. கட்டை விரலால் அதையே இரண்டு மூன்று தடவை தேய்த்தார். 

"இங்க ஒரு நூல் ஜாஸ்தி" என்றார்.

நூல் என்பது பட்டறைக்காரர்களின் கணக்கு. ஒரு இஞ்சில் எட்டில் ஒரு பங்கு.

"ஒரு நூல்தானே" என்றார் அந்த அம்மா. 

"ஒரு நூல்தான்" என்றார் அவர். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். காலையில் என் கிண்டலுக்குச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பு இல்லை இது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். "மரமே விழுந்துச்சு. ஒரு நூல் கூடாதா?" என்றார். டாக்டர் கை தட்டினார், பிள்ளைகளும் தட்டினார்கள். நான் தட்டவில்லை. தட்டினால் அழுதுவிடுவேன் போல இருந்தது.

அந்த அம்மா அப்புறம் அவரை மற்ற கார்களுக்கும் கூட்டிப்போனார். எல்லாச் சொந்தக்காரர்களும் கயிற்றைத் தூக்கிவிட்டார்கள். படுத்த கண், முட்டை விளக்கு, திரும்பி வந்த வட்டக் கண், ஒரு சாண் கூடிப்போன இடுப்பு, எல்லாவற்றையும் அவர் கையால் பார்த்தார். கடைசிக் காரின் கூரையில் இருந்து பின்பக்கம் வரைக்கும் தடவிக்கொண்டு வந்தவர், "குண்டாயிட்டான், ஆனா அவனேதான்" என்றார். நான் பத்து நாள் உட்கார்ந்து ஏழு அட்டையில் எழுதியதை மூன்றே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

சிவப்பு வண்டியை நான் வரிசையை விட்டு நகர்த்தவில்லை. அது டாக்டரின் காருக்குப் பக்கத்திலேயே சாயங்காலம் வரை நின்றது. அதற்கு மட்டும் அட்டை இல்லை. என் முப்பத்திரண்டு கேள்விப் பட்டியலைத் திருப்பி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் எழுதினேன். எழுதுவதற்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். பம்பர் யார் செய்தது, வைப்பர் எங்கே கிடைத்தது, மரம் விழுந்தது என்றைக்கு. எழுதி முடித்து அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "ஆட்டோ இண்டிகேட்டரை விட்டுட்டீங்களே" என்றார். அதையும் சேர்த்தேன். காலையில் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதை விடுங்க ஸார். சிரிப்பாத்தான் இருந்துச்சு" என்றார். அவர் விட்டுவிட்டார். என்னால்தான் விட முடியவில்லை.

வெண்ணெய் நிறக் காரின் அட்டையையும் அதன் சொந்தக்காரரைக் கேட்டு, அவர் சொன்னபடியே மாற்றி எழுதினேன். அந்த வண்டியும் அழகுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆபீஸில் இப்போதும் அதே வேலைதான் பார்க்கிறேன். தப்பு என்று எழுதுவதற்கு முன்னால் அதைச் செய்தவரைக் கூப்பிட்டு, இது ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு தடவை கேட்கிறேன். பாதி நேரம் ஒரு மரம் விழுந்த கதை இருக்கிறது. அந்த மாங்காய் மறுபடி ஃபிரிட்ஜிலேயே ஏறிவிட்டது, கல்லில் விழுந்ததில் அதன் காம்புப் பக்கம் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது. காலையில் பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த இடம் கண்ணில் படும், ஒரு மனுஷர் கையைத் துடைத்துக்கொண்டு தொட வந்த இடத்தில் நான் கயிறு கட்டி வைத்திருந்தது ஞாபகத்துக்கு வரும், இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது, அந்தக் கூச்சம் போகாமல் இருந்தால் நல்லது என்றுதான் நினைக்கிறேன்.